மூலம் தேடிய கதை – 9: இரட்டிக்கும் இலக்கங்கள்

கருவி தயார். சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

1669இல் கேம்பிரிட்ஜில், 26 வயது ஐசக் நியூட்டன் ஒரு முப்படிச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டார். 2 என்ற ஊகத்தில் தொடங்கி, மூன்றே திருத்தங்களில் 2.09455147 என்ற விடைக்கு வந்தார். 1690இல் ஜோசப் ராப்சன் அந்த வேலையின் சுமையைக் குறைத்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புதுச் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், பழைய சமன்பாட்டுக்கே திரும்பத் திரும்பப் போனால் போதும் என்று காட்டினார். 1740இல், தறியில் வாழ்க்கையைத் தொடங்கிய தாமஸ் சிம்ப்சன், அதையே நுண்கணிதத்தின் மொழியில் எழுதினார். பல்லுறுப்புக் கோவைகளைத் தாண்டி, எந்தச் சமன்பாட்டுக்கும் அந்தக் கதவு திறந்தது.

மூவரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. அதைச் சொல்ல ஒரு தையற்காரரின் மகன் பிறந்து வர வேண்டியிருந்தது.

* * *

நியூட்டனின் சமன்பாட்டை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஓர் எண்ணின் கனத்தை எடு. அந்த எண்ணின் இருமடங்கைக் கழி. மேலும் 5ஐக் கழி. மிச்சம் பூஜ்யமாக வேண்டும். அந்த எண் எது?

ராப்சன் வழியில் போனால் ஊகங்கள் இப்படி இறங்குகின்றன:

2
2.1
2.094568
2.0945514817

உண்மையான மூலம் 2.0945514815 என்று தொடங்கி முடிவில்லாமல் நீள்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2.1இல் பிழை ஆயிரத்தில் ஐந்துக்குச் சற்று மேல். அடுத்த வரியில் லட்சத்தில் ஒன்றரைக்குச் சற்று மேல். அதற்கடுத்த வரியில் ஆயிரம் கோடியில் ஒன்றரை. இன்னும் ஒரு முறை திருத்தினால் பத்தொன்பது தசம இடங்கள் சரியாக வந்து நிற்கும்.

இரண்டு பூஜ்யங்கள், பிறகு நான்கு, பிறகு ஒன்பது, பிறகு பத்தொன்பது. பிழையின் முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் ஒவ்வொரு திருத்தத்திலும் ஏறத்தாழ இரட்டிக்கின்றன.

இது எவ்வளவு பெரிய வேகம் என்பது, வேறொரு முறையை அருகில் வைத்தால்தான் விளங்கும். இந்தத் தொடரின் தொடக்கத்தில் பாதியாக்கும் முறையைப் பார்த்தோம். மூலம் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது, நடுப்புள்ளியில் சோதி, எந்தப் பாதியில் மூலம் இருக்கிறதோ அதை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு. ஒருபோதும் ஏமாற்றாத முறை. ஆனால் ஒரு தசம இடம் கூடுவதற்கு மூன்று, நான்கு முறை பாதியாக்க வேண்டும். பத்தொன்பது இடங்களுக்கு 64 முறை. ராப்சனுக்கு அதே தூரம் நான்கு திருத்தம்.

கணக்குப் போட்டவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலி, 1694இல் இன்னும் ஒரு படி மேலே போய், சரியான இலக்கங்களை மும்மடங்காக்கும் முறையைக் கொண்டுவந்தார். நியூட்டன் தன் கணக்கில் எந்தெந்த உறுப்புகளைச் சிறியவை என்று கைவிட்டார் என்பதைப் பார்த்தால், அவருக்கும் இந்த வேகம் தெரிந்தே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு. ஏன் இரட்டிக்கிறது? எப்போதும் இரட்டிக்குமா? எந்த இடத்திலிருந்து? விடையே தெரியாத ஒருவர், தன் கையில் இருக்கும் இலக்கங்களில் எத்தனை சரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

கடைசிக் கேள்விதான் உண்மையில் கடினமானது. மேலே நாம் பிழையை அளந்தோமே, அது விடை நமக்குத் தெரிந்ததால்தான். விடையைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

மார்செய், 1768

பிரான்சின் தென்கரையில் இருக்கும் துறைமுக நகரம். அங்கிருந்து ழான்-ரேமோன் முராய் என்பவர் சமன்பாடுகளைத் தீர்ப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாரிஸின் கணித மேதைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

முராய் செய்தது எளிமையானது, ஆழமானது. எண்களை விட்டுவிட்டு வளைவரையைப் பார்த்தார்.

ஊகத்துக்கு நேரே வளைவரையில் ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியில் ஒரு தொடுகோடு வரையுங்கள். அது கிடை அச்சை எங்கே வெட்டுகிறதோ, அதுதான் அடுத்த ஊகம். நியூட்டன் முறை முழுவதும் இந்த ஒரு படத்தில் அடங்கிவிடும். படமாகப் பார்த்த கணமே, அதுவரை கணக்குக்குள் மறைந்திருந்த ஆபத்து கண்ணில் படும்.

அதே சமன்பாட்டை எடுங்கள். தொடக்க ஊகம் மட்டும் 2க்குப் பதில் 0 என்று வையுங்கள். இப்போது என்ன ஆகிறது?

0
−2.5
−1.57
−0.50
−3.82
−2.55
−1.61
−0.58
−4.60

எட்டுத் திருத்தம் முடிந்தும் மூலத்தின் பக்கமே வரவில்லை. அலைந்துகொண்டிருக்கிறது. காரணம், எதிர்ப்பக்கத்தில் வளைவரைக்கு ஒரு மேடு உண்டு. அது அச்சை நோக்கி ஏறி வருகிறது, தொடாமலே, −0.82க்கு அருகில் உச்சி கண்டு, கீழே இறங்கிவிடுகிறது. அந்த உச்சிக்கு அருகில் தொடுகோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். படுத்த கோடு அச்சை எங்கோ வெகுதொலைவில்தான் வெட்டும். முன்னேறி வந்த ஊகம் ஒரே தாவலில் தூக்கி எறியப்படுகிறது.

நான்கு அடியில் பத்தொன்பது இலக்கம் தந்த அதே முறை. அதே சமன்பாடு. தொடங்கிய இடம்தான் வேறு.

எங்கே தொடங்குகிறோம் என்பதில் எல்லாமே இருக்கிறது என்று முராய் எழுதினார். வளைவரை எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று பார்த்துத் தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பிற்காலத்தில் வேறொருவர் பெயரில் புகழ்பெறப் போகும் நிபந்தனைகளின் சாரம் அந்த நூலில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணித வரலாற்றாசிரியர் ஃப்ளோரியன் கஜோரி எடுத்துக்காட்டும் வரை, அவருக்கு அந்தப் பெருமை கிடைக்கவேயில்லை.

கணித உலகம் மறந்தாலும் மார்செய் அவரை மறக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் முராய் அந்நகரின் மேயரானார். 1792இல் மார்செய் தொண்டர்படை பாரிஸுக்குப் புறப்பட்டுப் போனது. வழியெல்லாம் அவர்கள் பாடிய பாடல்தான் இன்று பிரான்சின் தேசிய கீதம். அந்தப் படை கிளம்பியபோது நகரத்தின் மேயர், தொடுகோடுகளைப் பற்றி எழுதிய இதே மனிதர்.

முராயின் நூல் வெளிவந்த அதே 1768இல், மார்ச் 21 அன்று, பர்கண்டிப் பகுதியின் ஒசேர் நகரில் ஒரு தையற்காரர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஜோசப் ஃபூரியர்.

லக்ராஞ்ச் எழுப்பிய தடை

ஃபூரியரிடம் போவதற்கு முன், அவர் தாண்ட வேண்டியிருந்த மலையைப் பார்த்துவிட வேண்டும்.

ஜோசப்-லூயி லக்ராஞ்ச் 1766இல் பெர்லினுக்கு வந்தவர். அங்கே ஆய்லர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியவர். நியூட்டன் முறை அவருக்குத் திருப்தி தரவில்லை. வேகமானதுதான், சரி. ஆனால் அடுத்த ஊகம் முந்தையதைவிட நெருங்கியிருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? உத்தரவாதம் இல்லாத ஒன்றைக் கணிதம் என்று ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை.

1769இல் அச்சான கட்டுரையில் அவர் வேறு வழி காட்டினார்: தொடர் பின்னங்கள். எடுத்துக்காட்டாக நியூட்டனின் அதே சமன்பாட்டையே எடுத்தார். விடை பின்னங்களாக வரும்: 21/10, 23/11, 44/21, 111/53, 155/74... முதலாவது மூலத்தைவிடப் பெரியது, அடுத்தது சிறியது, அதற்கடுத்தது மீண்டும் பெரியது. மூலம் எப்போதும் அடுத்தடுத்த இரண்டு பின்னங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். தப்பவே முடியாது.

உத்தரவாதம் கிடைத்துவிட்டது. விலை என்ன? 155/74க்கு வருவதற்குள் ஐந்து படிகள் ஏறியாயிற்று. பிழை இன்னும் லட்சத்தில் நான்கு. நியூட்டன் இரண்டே அடியில் இதைவிட நெருங்கி வந்திருந்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு புதுச் சமன்பாட்டை வேறு எழுத வேண்டும்.

1798இல் பாரிஸிலிருந்து வந்த அவருடைய நூல், எண்வழியில் சமன்பாடுகளைத் தீர்ப்பது பற்றிய பெரிய ஆக்கம். அதில் நியூட்டன் முறையைப் பற்றித் தனிக் குறிப்பே எழுதி, அதன் குறைகளை லக்ராஞ்ச் அடுக்கினார். ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதர் கேட்கும் கேள்வி அது. யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆக, 18ஆம் நூற்றாண்டு முடியும்போது இரண்டு முறைகள் எதிரெதிரே நின்றன. ஒன்றில் வேகம் இருந்தது, நம்பிக்கை இல்லை. மற்றதில் நம்பிக்கை இருந்தது, வேகம் இல்லை.

ஒசேரிலிருந்து வந்தவர்

ஃபூரியர் பத்து வயதுக்குள்ளாகவே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். பெனடிக்டைன் துறவிகள் நடத்திய ஒசேர் ராணுவப் பள்ளியில் படித்தார். துறவியாகலாம் என்று மடத்தில் சேர்ந்தார். 1789இல் உறுதிமொழி எடுக்காமலே வெளியேறினார். 21 வயதானபோது, இந்த வயதில் நியூட்டனும் பாஸ்கலும் அழியாப் புகழுக்கு உரியவர்களாகிவிட்டார்களே என்று தன் ஆசிரியர் ஒருவருக்கு ஏக்கத்தோடு கடிதம் எழுதியவர் அவர்.

அந்த 1789இன் இறுதியில் அவர் பாரிஸுக்கு வந்து, அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். பொருள்: சமன்பாடுகளின் மூலங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபூரியர் என்றதும் நமக்கு வெப்பம் நினைவுக்கு வருகிறது, ஃபூரியர் தொடர் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் முதலில் கையில் எடுத்ததும், கடைசி வரை கையை விட்டு இறக்காததும் இந்த விஷயம்தான். வெப்பம் நடுவில் வந்தது.

பிறகு வரலாறு அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. புரட்சிக் குழுவில் சேர்ந்தார். 1794இல் சிறை, ரோபெஸ்பியர் வீழ்ந்த பிறகு விடுதலை. 1795இல் பாரிஸில் புதிதாகத் தொடங்கிய எகோல் நோர்மாலில் மாணவராக உட்கார்ந்தார். எதிரே நின்று பாடம் நடத்தியவர்களில் ஒருவர் லக்ராஞ்ச். நியூட்டன் முறைக்குத் தடை எழுப்பியவரும், அந்தத் தடையை நீக்கப் போகிறவரும் ஒரே கூடத்தில் ஆசிரியரும் மாணவருமாக இருந்தார்கள்.

1798இல் நெப்போலியனோடு எகிப்து. 1802 முதல் கிரனோபிளில் இசேர் மாவட்டத்தின் ஆட்சியர். நிர்வாக வேலைக்கு நடுவில் 1807இல் வெப்பக் கட்டுரை. அதையும் லக்ராஞ்ச் ஏற்கவில்லை. 1815இல், நெப்போலியனின் ஆட்சி முடிந்த அதே ஆண்டில், ஃபூரியரின் பதவியும் போயிற்று. பாரிஸில், பழைய மாணவர் ஒருவரின் தயவில், செய்ன் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1816இல் அறிவியல் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. மன்னர் 18ஆம் லூயி ஒப்புதல் தர மறுத்தார். 1817இல் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை மன்னர் இணங்கினார்.

வயது 49. முதல் கட்டுரை படித்து 28 ஆண்டுகள் ஓடியிருந்தன. லக்ராஞ்ச் 1813இலேயே மறைந்துவிட்டார்.

ஃபூரியர் தன் பழைய கேள்விக்குத் திரும்பினார்.

1818: இரு பக்கமும் கரை

பாரிஸின் ஃபிலோமதிக் சங்கம் வெளியிட்ட அறிவியல் இதழில் 1818இல் அவருடைய சிறு கட்டுரை ஒன்று வந்தது. இந்தத் தொடரின் திருப்புமுனை என்று நான் கருதுவது அந்தச் சில பக்கங்களைத்தான்.

ஃபூரியர் முதலில் களத்தைச் சுருக்கினார். மூலம் இருக்கும் ஓர் இடைவெளியை எடு. அதற்குள் வளைவரையின் சாய்வு எங்கும் பூஜ்யமாகக் கூடாது. அதாவது மேடும் பள்ளமும் இருக்கக் கூடாது. வளையும் திசையும் மாறக் கூடாது. இந்த இரண்டும் உறுதியானால், இடைவெளியின் இரு முனைகளில் எது சரியான தொடக்கம் என்று தானே தெரிந்துவிடும்: கோவையின் மதிப்பும் வளைவும் (சாய்வு மாறும் வீதம்) ஒரே குறியில் இருக்கும் முனை. அங்கிருந்து கிளம்பும் தொடுகோடு மூலத்தை ஒருபோதும் தாண்டாது. ஒரே பக்கத்திலிருந்து இறங்கி இறங்கி நெருங்கும்.

இதுவரை முராயும் வந்திருந்தார். ஃபூரியர் அடுத்து வைத்த அடிதான் புதியது.

எதிர் முனையிலிருந்தும் ஒரு கோடு போட்டார். அது அந்த முனையின் தொடுகோடு அல்ல. முதல் முனையில் வரைந்த தொடுகோட்டுக்கு இணையான கோடு. அது அச்சை வெட்டும் இடம் மூலத்துக்கு மறுபக்கத்தில் விழும். அதுவும் மூலத்தைத் தாண்டாது. ஆற்றின் இரு புறமும் கரை கட்டி நெருக்குவதுபோல, ஒவ்வொரு அடியிலும் மூலம் மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கப்படுகிறது.

நம் சமன்பாட்டில் செய்து பார்ப்போம். இடைவெளி 2 முதல் 2.1 வரை. சரியான முனை 2.1. அங்கே சாய்வு 11.23.

முதல் அடி: மேல்கரை 2.09457, கீழ்க்கரை 2.08905.
இரண்டாம் அடி: மேல்கரை 2.0945515, கீழ்க்கரை 2.0945343.

இரண்டிலும் பொதுவாக இருக்கும் இலக்கங்கள் 2.0945. அவை சரி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. விடை தெரியாமலே இதைச் சொல்ல முடிகிறது, கவனியுங்கள். லக்ராஞ்ச் கேட்ட உத்தரவாதம் இதோ இருக்கிறது. அதுவும் நியூட்டனின் வேகத்தில்.

அந்த வேகம் எவ்வளவு? கரைகளுக்கு இடையிலான அகலத்தைப் பாருங்கள். 0.1 ஆக இருந்தது 0.0055 ஆயிற்று; பிறகு 0.000017.

இதற்கு ஃபூரியர் விதி சொன்னார். புதிய அகலம், பழைய அகலத்தின் வர்க்கத்தை ஒரு நிலையான எண்ணால் பெருக்கினால் வருவதைத் தாண்டாது. அந்த நிலையான எண்ணை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்: இடைவெளிக்குள் வளைவு மிக அதிகமாக இருக்கும் மதிப்பை எடு, சாய்வு மிகக் குறைவாக இருக்கும் மதிப்பின் இருமடங்கால் வகு. நம் இடைவெளியில் வளைவின் உச்சம் 12.6. சாய்வின் குறைந்த மதிப்பு 10, அதன் இருமடங்கு 20. வகுத்தால் 0.63.

சரிபார்ப்போம். 0.1இன் வர்க்கம் 0.01, அதை 0.63ஆல் பெருக்கினால் 0.0063. உண்மையில் வந்தது 0.0055. விதிக்குள் அடங்கியது. 0.0055இன் வர்க்கத்தை 0.63ஆல் பெருக்கினால் 0.000019. வந்தது 0.000017. மீண்டும் அடங்கியது. மூன்றாம் அடியின் அகலம் ஆயிரம் கோடியில் இரண்டைத் தாண்டாது என்று, அந்த அடியை எடுத்து வைக்காமலே சொல்லிவிடலாம்.

வர்க்கம். எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நூறில் ஒரு பங்கின் வர்க்கம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பூஜ்யங்கள் இரட்டிக்கின்றன. ஏன் வர்க்கம்? தொடுகோடு வளைவரையைத் தொடும் புள்ளியில் இரண்டும் ஒரே திசையில் போகின்றன. அங்கிருந்து விலக விலக, வளைவரை கோட்டைவிட்டுப் பிரிகிறது. அந்தப் பிரிவு தூரத்துக்கு ஏற்ப வளர்வதில்லை. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. தூரம் சிறியதாக இருக்கும்போது வர்க்கம் அதைவிட எத்தனையோ சிறியது. பிழை தன்னைத் தானே தின்று தேய்வதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து கணக்காளருக்கு இன்னொரு வரம் கிடைத்தது. எத்தனை இலக்கங்கள் சரியாக வரப்போகின்றன என்பது முன்பே தெரிந்தால், தேவையற்ற இலக்கங்களைச் சுமக்க வேண்டாம். முதல் அடிக்கு இரண்டு இலக்கம், அடுத்ததற்கு நான்கு, அதற்கடுத்து எட்டு. இறகுப் பேனாவும் காகிதமும் மட்டுமே இருந்த காலத்தில் இது பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும். இதற்கென்றே வகுத்தலைச் செய்ய ஒரு தனி முறையையும் ஃபூரியர் வகுத்துவைத்தார்.

விதியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சாய்வு பூஜ்யத்தை நெருங்கினால் அந்த நிலையான எண் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். வளைவரை அச்சை வெட்டாமல் வெறுமனே தொட்டுவிட்டுத் திரும்பும் இடங்களில், அதாவது ஒரே மூலம் இரண்டு முறை வரும் சமன்பாடுகளில், நியூட்டன் முறை தன் வேகத்தை முற்றிலும் இழக்கிறது. ஒவ்வொரு திருத்தமும் பிழையைப் பாதியாக்கும், அவ்வளவுதான். ஃபூரியர் அத்தகைய இடைவெளிகளை முதல் நிபந்தனையிலேயே விலக்கிவைத்ததன் காரணம் இது.

முடியாத நூல்

1820களில் இந்தத் தேடலுக்கு ஒரு புது அவசரமும் வந்து சேர்ந்தது. 1824இல் நார்வேயின் நீல்ஸ் ஹென்ரிக் ஏபல், ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுவான சூத்திரம் இருக்கவே முடியாது என்று நிரூபித்தார். சூத்திரத்தின் வழி அடைந்துபோனது. இனி உயர்படிச் சமன்பாடுகளுக்குப் பொதுவான வழி என்று மிஞ்சியது தோராயம்தான். நல்ல தோராயம், வேகமான தோராயம், நம்பத்தக்க தோராயம்.

ஃபூரியர் எல்லாவற்றையும் ஒரே நூலில் தொகுக்கத் திட்டமிட்டார். ஏழு பகுதிகள். இளமையில் கண்டது, கிரனோபிளில் எழுதிவைத்தது, 1818இல் அச்சிட்டது எல்லாம் அதில் வர வேண்டும். 1822இல் அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். கடிதங்களும் கட்டுரைகளும் அவர் மேசையில் வந்து குவிந்தன. உடல்நிலை கெட்டுக்கொண்டே வந்தது.

1830இன் தொடக்கத்தில் அந்த மேசைக்கு 18 வயது இளைஞன் ஒருவனின் ஆய்வு வந்தது. கழகத்தின் பெரும்பரிசுப் போட்டிக்காக எழுதியது. பெயர் எவாரிஸ்த் கால்வா. எந்தச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு, எதற்கு இல்லை என்ற கேள்விக்கு முழு விடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவன்.

1830 மே 16 அன்று ஃபூரியர் இறந்தார். கால்வாவின் ஆய்வு அவருடைய தாள்களுக்கிடையே கிடைக்கவேயில்லை. கணித வரலாற்றில் இவ்வளவு வலி தரும் தற்செயல்கள் அதிகம் இல்லை.

ஃபூரியரின் சொந்த நூலும் பாதியில் நின்றது. ஏழில் இரண்டு பகுதிகள்தான் முடிந்திருந்தன. மற்றவற்றுக்குச் சுருக்கக் குறிப்புகள் இருந்தன. அவருடைய நண்பரும் பொறியாளருமான குளோத்-லூயி நாவியே அவற்றைத் திரட்டி 1831இல் வெளியிட்டார். பாய்மங்களின் ஓட்டத்தைச் சொல்லும் சமன்பாடுகளில் இன்று பெயர் நிலைத்திருக்கும் அதே நாவியே. ஃபூரியர் இவற்றையெல்லாம் எப்போது கண்டார் என்பதற்குச் சான்றுகளைத் தேடி அடுக்கி, முன்னுரையில் நண்பருக்காக வாதாடவும் செய்தார்.

21 வயதில் தொடங்கிய வேலை. 62 வயதில் இறக்கும்போதும் முடியவில்லை.

வலமும் இடமும் இல்லாத ஊரில்

நூல் வெளிவந்த பிறகு நியூட்டன் முறையின் மேலிருந்த சந்தேகம் தீர்ந்தது. பிரெஞ்சுக் கணிதர் கோஷியும் தன் பங்குக்கு நிபந்தனைகள் தந்தார். 1870இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்ரோடர், விரும்பிய வேகத்தில் மூலத்தை நெருங்கும் முறைகளை எண்ணற்ற அளவில் உண்டாக்கலாம் என்று காட்டினார். இலக்கங்களை இரட்டிப்பது, மும்மடங்காக்குவது, நான்கு மடங்காக்குவது எல்லாமே ஒரே குடும்பமாயின.

ஆனால் ஃபூரியரின் விதி முழுவதும் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. மூலத்துக்கு வலப்பக்கம், இடப்பக்கம். மேல்கரை, கீழ்க்கரை. ஒரு முனை சரி, மறுமுனை சரியில்லை. இந்தச் சொற்கள் எல்லாம் எண்கள் ஒரே வரிசையில் நிற்கும் வரைதான் செல்லும்.

எல்லா மூலங்களும் அந்த வரிசையில் நிற்பதில்லையே. கனம் எடுத்தால் 1 வரும் எண் எது? 1 என்று சொல்வோம். கலப்பெண்களையும் சேர்த்தால் இன்னும் இரண்டு உண்டு. அவை கோட்டை விட்டு விலகி, தளத்தில் நிற்கின்றன. மூன்று மூலங்களும் ஒரு வட்டத்தின் மேல் சம தூரத்தில்.

1879இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் கெய்லி, அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அந்தப் பிரச்சினைக்கு அவர் நியூட்டன், ஃபூரியர் இருவர் பெயரையும் சேர்த்தே வைத்தார். தளத்தில் ஏதோ ஒரு புள்ளியில் தொடங்கி நியூட்டன் முறையில் போனால், எந்த மூலத்தில் போய் நிற்போம்?

இருபடிச் சமன்பாட்டுக்கு விடை கெய்லிக்கு உடனே கிடைத்தது. இரண்டு மூலங்களுக்கும் நடுவே, அவற்றை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோடு. அதன் இந்தப் பக்கம் தொடங்கினால் இந்த மூலம். அந்தப் பக்கம் தொடங்கினால் அந்த மூலம். எல்லை தெளிவு.

அடுத்து முப்படி. மூன்று மூலங்கள், மூன்று நாடுகள். எல்லைக் கோடுகள் வரைந்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கெய்லிக்கோ முப்படியின் எல்லை பிடிபடவில்லை. இருபடியைத் தாண்ட முடியாமல் நின்றார்.

மூன்று நாடுகளைப் பிரிக்கும் அந்த எல்லையில் அப்படி என்ன இருந்தது?

(தொடரும்)